மாமல்லபுரம் போய் வந்த மார்க் ஷீட்

நாலைந்து வருடத்துக்கு முன்பு ஒரு புதன்கிழமை, செங்கல்பட்டில் நடந்தது இது. தேதி மறந்துவிட்டது. கிழமை மட்டும் செத்தாலும் மறக்காது. ஏன் என்று போகப் போகப் புரியும்.

எனக்கு ஊர் படாளம் பக்கம். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டுமே நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பங்கள். நான் மட்டும் எப்படியோ தமிழில் எம்.ஏ., அப்புறம் பி.எட். என்று படித்து, ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டு வருடமாகத் தமிழாசிரியையாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் சிறுசேரியில் ஐ.டி. கம்பெனி ஆட்களுக்கு கேப் ஓட்டுகிறார். அரசுப் பள்ளி வேலைக்கான தேர்வை மூன்று முறை எழுதிக் கோட்டைவிட்டு, நான்காவது முறை ஒருவழியாகத் தேறினேன். சான்றிதழ் சரிபார்ப்புக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. இதை விட்டால் அடுத்த தேர்வு வருவதற்குள் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அன்றைக்குக் கையில் எல்லாச் சான்றிதழும் இருந்தால் அரசு வேலை. ஒன்று குறைந்தாலும் ஆயுசுக்கும் அதே தனியார் பள்ளிதான்.

இங்கே என்னுடைய கெட்ட குணம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'ஜெராக்ஸ்' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கம்பெனியின் பெயரைப் பிடித்துக்கொண்டு, எந்த மெஷினில் எடுத்தாலும் ஜெராக்ஸ், எடுக்கிற கடையும் ஜெராக்ஸ், எடுத்த தாளும் ஜெராக்ஸ். போதாததற்கு எதிர்வீட்டு அம்மாள் என் மகளைப் பார்த்து, "அப்டியே உன்னோட ஜெராக்ஸு" என்பார். சரி, நகல் என்று சொன்னாலாவது விட்டேனா? நகல், அசல் இரண்டுமே வெளியிலிருந்து வந்த சொற்கள், 'ஒளிப்படி', 'மூலப்படி' என்றுதான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் கட்சியில் நான் ஒருத்திதான் உறுப்பினர். என் வீட்டுக்காரர்கூடச் சேரவில்லை.

அன்று காலை ஒன்பது மணிக்கே செங்கல்பட்டு வந்துவிட்டேன். எல்லாச் சான்றிதழுக்கும் இரண்டு செட் வேண்டும் என்று கடிதத்தில் போட்டிருந்தது. அலுவலகத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கடை. உள்ளே போனால், என்னைப் போலவே ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பதினைந்து பேர் நின்றார்கள். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். சட்டைப் பையில் நீலக் கறை, விரல் நுனியெல்லாம் மெஷினில் போடுகிற டோனர் மையின் கறுப்பு. இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்று புதுசு. இன்னொன்று வாசல் ஓரமாக இருந்த பழசு. "இது இன்னிக்கு ஊரை உட்டுப் போவுது. போவறதுக்கு முன்னாடி நல்லா ஒழைக்கட்டும்" என்று சிரித்துக்கொண்டே அதையும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. பட்டம், பி.எட்., ப்ளஸ் டூ எல்லாம் புது மெஷினில் போய் வந்தன. கடைசியில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். அந்த நேரம் புதுசில் தாள் சிக்கிக்கொண்டதால், அதை மட்டும் பழைய மெஷினின் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து மூடியைச் சாத்தினார். பச்சை வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது. தட்டில் சூடாக இரண்டு தாள்கள் வந்து விழுந்தன.

அப்போதுதான் என் கண்ணில் சனி புகுந்தான். மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு அட்டை தொங்கியது. 'ஒரிஜினலை மறக்காமல் எடுத்துச் செல்லவும்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

சும்மா இருக்க முடியுமா என்னால்? "ஏங்க, ஒரிஜினல்னு எதுக்கு எழுதியிருக்கீங்க? மூலப்படின்னு எழுதினா என்ன?" என்றேன்.

அவர் தாள்களைத் தட்டி அடுக்கியபடியே, "மேடம், அப்டி எழுதனா ஒருத்தரும் எடுத்துகினு போவ மாட்டாங்க. எல்லாரும் இங்கயே உட்டுட்டுப் பூடுவாங்க" என்றார்.

வரிசையில் நின்ற பதினைந்து பேரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. கடை நடத்துகிறவர்களுக்கு மொழிப் பொறுப்பு வேண்டாமா, நாலு பேர் படிக்கிற அட்டையில் நல்ல தமிழ் எழுதினால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று ஆரம்பித்து, வகுப்பு எடுப்பது போல இரண்டு நிமிடம் பேசினேன். பின்னால் நின்ற ஒருவர், "யக்கா, வெரிஃபிகேசன் பத்து மணிக்கு" என்று நினைவூட்டினார். தாள்களை வாரி ஃபைலுக்குள் திணித்துக்கொண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன். என்னவோ ஒரு போரில் ஜெயித்துவிட்டு வருகிற நடை.

என் எண் வரும்போது பதினொன்றே கால். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி அம்மா. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் டிக், டிக் என்று போட்டுக்கொண்டே வந்தார். பத்தாம் வகுப்புக்கு வந்ததும் கை நின்றது.

"இது ஜெராக்ஸ். ஒரிஜினல் எங்க?"

ஃபைலைப் புரட்டினேன். முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். கைப்பையைக் கவிழ்த்தேன். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து பார்த்தேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை சாதம்தான் இருந்தது. அந்த நொடியில், கண்ணாடியில் கவிழ்த்து வைத்த தாளும், மூடியும், மூடிக்கு மேலே தொங்கிய அட்டையும் கண் முன்னே வந்தன. எதை எழுதியிருந்தார்களோ அதைத்தான் நான் செய்யாமல் வந்திருக்கிறேன். அதுவும் அந்த அட்டையை வாய் கிழிய விமர்சனம் செய்துவிட்டு!

அதிகாரி அம்மா நல்லவர்தான். "ரெண்டே காலுக்கு லிஸ்ட்டை மேல அனுப்பணும். அதுக்குள்ள கொண்டுவந்தா டிக் போடறேன். வரலேன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா" என்று சொல்லி, என் பெயருக்கு நேரே பென்சிலில் சின்னதாக ஒரு வட்டம் போட்டார். டூப்ளிகேட் சான்றிதழுக்கு மனுப் போட்டால் மாதக்கணக்கில் ஆகும். எனக்கு இருப்பதோ மூன்று மணி நேரம்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். கடைக்குள் நுழைந்து பார்த்தால், பழைய மெஷின் இருந்த இடத்தில் மெஷின் இல்லை. சதுரமாகத் தூசி படாத தரை மட்டும் பளிச்சென்று இருந்தது.

"இங்கே இருந்த ஜெராக்ஸ் மெஷின் எங்கே? ஜெராக்ஸ்! ஜெராக்ஸ்!" என்று கத்தினேன். ஒளிப்படி எல்லாம் அப்போது எங்கே போய் ஒளிந்துகொண்டதோ தெரியவில்லை.

கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு ஒரு நொடி தயங்கினார். திரும்பவும் பாடம் எடுக்க வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். பிறகு, "அது போய்டுச்சே மேடம். மாமல்லபுரத்துல ஒரு அக்கா வாங்கிகீறாங்க. பதினோரு மணிக்கே குட்டியானைல ஏத்தி அனுப்சிட்டேன்" என்றார். சின்ன லோடு வண்டியைத்தான் எங்கள் பக்கம் குட்டியானை என்போம்.

"அதுக்குள்ளதான் என் பத்தாவது மார்க் ஷீட்!"

அவர் முகம் மாறியது. கையில் இருந்ததைக் கீழே வைத்தார். "அய்யய்யோ. அதுல கடைசியா எடுத்தது ஒங்களுதுதான். மூடி ஆடக்கூடாதுன்னு நான்தான் சுத்திலும் டேப் போட்டு ஒட்டினேன். தொறந்து பாக்காத உட்டுட்டேனே" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். நெற்றியில் டோனர் நாமம் மாதிரி இழுபட்டது. சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

வண்டி டிரைவருக்குப் போன் போட்டார். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. திரும்பவும் போட்டார், எடுக்கவில்லை. மெஷினை வாங்கிய அக்காவின் நம்பர்? அதை விலாசத்தோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தாராம். அந்தச் சீட்டையே டிரைவர் கையில் கொடுத்துவிட்டாராம்.

"ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கலாம்" என்று அவரே சொல்லிவிட்டு, கடைக்குள் இருந்த புது மெஷினைப் பரிதாபமாகப் பார்த்தார்.

விலாசம் மட்டும் அவருக்கு ஞாபகம் இருந்தது. நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவதா, ஆட்டோ பிடிப்பதா என்று யோசிப்பதற்குள், கடையில் காத்திருந்த ஆட்களிடம் கையெடுத்துக் கும்பிட்டு, "பக்கத்துக் கடையில எடுத்துக்கங்க, கோச்சிக்காதீங்க" என்று சொல்லி ஷட்டரை இழுத்து மூடினார். பக்கத்து டீக்கடைக்காரரின் ஹெல்மெட்டை வாங்கி என்னிடம் நீட்டினார். அன்று செங்கல்பட்டில் பாதிப் பேருக்கு ஜெராக்ஸ் தேவைப்பட்ட நாள். வருஷத்தில் ஒரு நாள் வரும் அப்படிக் கூட்டம். காலையில் அவரை அவ்வளவு பேர் முன்னால் மட்டம் தட்டியவளுக்காக அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு வந்தார். அதை அப்போது யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. பைக்கில் ஏறி உட்கார்ந்ததும், "சீக்கிரம் போங்க" என்று அதட்டத்தான் தோன்றியது. ஆசிரியை புத்தி.

வழியில் வீட்டுக்காரருக்குப் போன் செய்து அழுதேன். "நான் ட்ரிப்புல கீறேன். நீ போய்கினே இரு. நான் அப்புறமா கூப்புடறேன்" என்றார். பின்னால் ஏசிச் சத்தத்தோடு யாரோ ஆங்கிலத்தில் மீட்டிங் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் உலகத்தில் ஒருவர் நிம்மதியாக மீட்டிங் பேசுகிறார் என்பதே எனக்குப் பொறுக்கவில்லை.

திருக்கழுக்குன்றத்தில் மலைக்கோயில் தெரிகிற இடத்தில், முன்னால் ஒரு குட்டியானை போய்க்கொண்டிருந்தது. பின்னால் நீலத் தார்ப்பாய் போட்டு, இடுப்பளவு உயரத்துக்குச் சதுரமாக ஒரு சாமானைக் கயிற்றால் கட்டியிருந்தது. "அதுதான்! அதேதான்!" என்று கடைக்காரரின் தோளில் அடித்தேன். அவருக்குச் சந்தேகம். நான் விடவில்லை. எழுந்து நிற்காத குறையாக, "ஜெராக்ஸ் வண்டி! நிறுத்துங்க! ஜெராக்ஸ்!" என்று கூவினேன். கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. டிரைவர் பயந்துபோய் ஓரம் கட்டினார். நான் இறங்கி ஓடி, அவரை ஒரு வார்த்தை கேட்காமல் தார்ப்பாயைத் தூக்கி, மூடியையும் திறந்துவிட்டேன்.

உள்ளே வரிசை வரிசையாகக் குச்சி ஐஸ்.

"இன்னாம்மா ஓணும் ஒனக்கு?" என்றார் டிரைவர்.

"மார்க் ஷீட்" என்றேன்.

அவர் என்னையும் ஐஸையும் மாறி மாறிப் பார்த்தார். கடைக்காரர் ஓடி வந்து, "தப்பா எட்துக்காத அண்ணாத்த, அவங்க டென்சன்ல கீறாங்க" என்று சமாதானம் சொல்லி என்னை இழுத்துக்கொண்டு போனார். இதில் ஐந்து நிமிடம் போயிற்று.

போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு ஐம்பது. கல் சிற்பம் செதுக்குகிற பட்டறைகள் இருக்கிற தெரு. டங் டங் என்று உளிச் சத்தம் காதைத் துளைத்தது. ஒரு பட்டறையை ஒட்டி, புதுச் சுண்ணாம்பு வாசனையோடு சின்னக் கடை. வாசலில் உடைத்த பூசணிக்காய். உள்ளே என் மெஷின்! நான் அதை வாங்கவில்லை, விற்கவில்லை, ஆனாலும் அந்த நேரத்தில் அது என் மெஷின்தான். மூடி மேல் மஞ்சள் குங்குமம், நாலு பக்கமும் எலுமிச்சம்பழம், குறுக்கே சாமந்தி மாலை. மாலைக்கு அடியில் எங்கள் கடைக்காரர் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கடையின் சொந்தக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அக்கா. நெற்றியில் எட்டணா அளவுக்குப் பொட்டு. கடற்கரையில் இருபது வருடம் சங்கு, சிப்பி மாலை விற்றவராம். இனி வெயிலில் நிற்க முடியாது என்று இந்தக் கடையைப் போடுகிறார். விஷயத்தைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். "அடப்பாவமே" என்று உச்சுக்கொட்டினார். தண்ணீர் கொடுத்தார். எல்லாம் செய்துவிட்டுச் சொன்னார்.

"ஆனா இப்ப தொறக்க முடியாது கண்ணு. புதங்கெழம. பன்னெண்டுலேர்ந்து ஒன்றர வரைக்கும் ராவுகாலம்."

மெஷின் ராகுகாலத்துக்கு முன்பே இறங்கிவிட வேண்டும் என்று இவர் சொன்னதால்தான் அந்த டிரைவர் போனைக்கூட எடுக்காமல் பறந்து வந்திருக்கிறார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இறக்கி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, மூடியை மூடினது மூடினபடி வைத்துவிட்டார்கள். ஒன்றரைக்கு மேல் மூடியைத் திறந்து, முதல் காப்பியாகப் பிள்ளையார் படத்தை எடுப்பதாக ஏற்பாடு. ஒன்றரைக்குத் திறந்து, நான் கிளம்பி, செங்கல்பட்டு போய்ச் சேர இரண்டரை ஆகிவிடும். பென்சில் வட்டம் என்னை விழுங்கிவிடும்.

கெஞ்சினேன். அழுதேன். மூடியைக் கொஞ்சமாகத் தூக்கிக் கையை மட்டும் விட்டு எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அக்கா அசையவில்லை. "ஒனக்கு வேலை போவுது. எனக்குக் கடையே கீது இதுல. சங்கு வித்த காச மொத்தமா இதுல போட்டுகீறேன். மொத மொதல்ல ராவுகாலத்துல மூடியத் தொறந்தா வெளங்குமா, நீயே சொல்லு" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று அழுகிறோம், நடுவில் மாலை போட்ட மெஷின் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. உளிச் சத்தம் நின்றுவிட்டது. பட்டறை ஆட்கள் வாசலில் கூடிவிட்டார்கள். இந்த மூடநம்பிக்கையை எதிர்த்து நாலு வார்த்தை பேசலாம் என்று எனக்கு நாக்கு துடித்தது. காலையில் பேசிய இரண்டு நிமிடத்துக்கு என்ன விலை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

அதுவரை ஓரமாக நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்த எங்கள் கடைக்காரர் முன்னால் வந்தார்.

"யக்கா, ராவுகாலத்துல ஒரு வேலைய ஆரம்பிக்கத்தான் கூடாது. ஏற்கெனவே ஆரம்பிச்ச வேலைய முடிக்கலாமில்ல?"

"முடிக்கலாம். அதுக்கின்னா இப்ப?"

"ஜெராக்ஸுன்னா இன்னா? ஒரிஜினல வாங்கறோம், வெக்கறோம், எடுக்கறோம். காப்பி வெளிய வந்துட்டா முடிஞ்சிச்சா? இல்ல. ஒரிஜினலத் திருப்பி அவங்க கைல குடுத்தாத்தான் ஜெராக்ஸ் முடிஞ்சிச்சுன்னு அர்த்தம். இவங்க வேலைய நான் காலைல ஆரம்பிச்சேன். இன்னும் முடியல. இப்ப நீ மூடியத் தொறந்தா அது ஒன் வேலைக்கு ஆரம்பம் இல்ல, என் வேலைக்கு முடிவு. ஒனக்கு ஆரம்பம் ஒன்றரைக்கு மேலதான்."

நான் எம்.ஏ. படித்தவள். பன்னிரண்டு வருடமாக அந்தச் சொல்லோடு சண்டை போட்டவள். அதற்கு இப்படி ஒரு பொருள் இருக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

அக்கா யோசித்தார். "காலைல எத்தினி மணிக்கு ஆரம்பிச்ச?"

"ஒம்போதே கால் தாண்டி. ஒம்போதரை இருக்கும்."

அக்கா நேராகச் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரிடம் போனார். கண்ணை இடுக்கிக்கொண்டு அன்றைய தாளைப் படித்தார். நல்ல நேரம் காலை ஒன்பதே கால் முதல் பத்தே கால் வரை. என் உயிர் அந்தத் தாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நல்ல நேரத்துலதான் ஆரம்பிச்சிகீற" என்றார் அக்கா. "அப்ப சரி. நீயே தொற. நான் தொடல."

எங்கள் கடைக்காரர் மாலையை நகர்த்தி, எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கி, டேப்பை உரித்து மூடியைத் தூக்கினார். கண்ணாடி மேல் குப்புறப் படுத்திருந்தது என் மார்க் ஷீட். முப்பது கிலோமீட்டர் குலுங்கி வந்தும் ஒரு மடிப்பு இல்லை. சிற்பிகள் கைதட்டினார்கள். நான் கையை நீட்டுவதற்குள் அக்கா வாங்கிக்கொண்டார்.

"என் மெசின்ல மொதல்ல ஏறி வந்தது இன்னா படிப்புன்னு பாக்கறேன் இரு" என்று ஒரு பட்டறை ஆளிடம் நீட்டினார். அவர் சத்தமாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்தார்.

"தமிழ் தொண்ணூத்தி நாலு!"

"ஆங்" என்றது கூட்டம்.

"கணக்கு முப்பத்தெட்டு!"

"ச்சே" என்றது கூட்டம்.

சரியாக அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் கூப்பிட்டிருக்கிறார். நானும் பதற்றத்தில் போனை எடுத்துக் கையில் வைத்திருந்திருக்கிறேன். "முப்பத்தெட்டா? எண்பத்திமூணுன்னு சொன்ன?" என்று போனுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. பதினைந்து வருடத் தாம்பத்தியத்தில் நான் காப்பாற்றி வந்த ஒரே ரகசியம் அன்று மாமல்லபுரத்தில் கல்லில் செதுக்கப்பட்டது. அவருக்குப் பதில் சொல்லாமல் போனைக் கைப்பைக்குள் போட்டேன்.

அக்கா சிரித்துக்கொண்டே மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்து என் கையில் கொடுத்தார். "சரசுவதியே உள்ள உக்காந்துகினு வந்துகீது. கணக்குல கொஞ்சம் கம்மி, பரவால்ல" என்றார். நான் காலில் விழாத குறை. கிளம்பப் போனவளை நிறுத்தி, ஒரு அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்தார். "டீச்சராச்சே, கையெழுத்து அழகா இருக்கும். ஒன்ன மாதிரி யாரும் மறந்துட்டுப் போவாத மாதிரி ஒரு வரி எழுதிட்டுப் போ."

மணி ஒன்று பத்து. யோசிக்க நேரம் இல்லை. 'ஒரிஜினலை மறக்காம எடுத்துக்கினு போங்க' என்று எழுதினேன். தமிழில் தொண்ணூற்று நான்கு வாங்கியவள் எழுதிய வாக்கியம் அது. மூலப்படி என்று எழுத நினைத்தேனா என்றால், சத்தியமாக இல்லை.

திரும்பி வந்த வேகத்தைப் பற்றி எழுதினால் போலீஸ் பிடிக்கும். திருக்கழுக்குன்றத்தில் அந்த ஐஸ் வண்டிக்காரர் ஒரு கடை வாசலில் நின்றிருந்தார். நான் மார்க் ஷீட்டைத் தூக்கிக் காட்டினேன். அவர் கையை உயர்த்தி ஆட்டினார்.

இரண்டு மணி ஆறு நிமிடத்துக்கு அதிகாரி அம்மாவின் மேசைக்கு முன்னால் நின்றேன். அவர் சான்றிதழை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கலர் ஜெராக்ஸோ என்று சந்தேகம். திருப்பினார். பின்னால் ஈரம் காயாத குங்குமப் பொட்டு. விரலில் ஒட்டிக்கொண்டது.

"இது என்னம்மா?"

மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். குட்டியானை, குச்சி ஐஸ், ராகுகாலம், முப்பத்தெட்டு ஒன்றையும் விடவில்லை. காலையிலிருந்து சலனமே இல்லாத அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, கடைசியில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. ரப்பரை எடுத்துப் பென்சில் வட்டத்தை அழித்தார். பேனாவை எடுத்து டிக் போட்டார். நான் நகர்ந்ததும், "ஏம்மா!" என்று கூப்பிட்டார். திரும்பினால், மார்க் ஷீட் மேசை மேலேயே இருந்தது.

வெளியே வந்தபோது கடைக்காரர் வாசலிலேயே பைக்கில் உட்கார்ந்திருந்தார். போகவில்லை. நெற்றியில் டோனர் நாமம் அப்படியே இருந்தது. டிக் விழுந்துவிட்டது என்று சொன்னதும், அவருக்கே வேலை கிடைத்த மாதிரி முகம் மலர்ந்தது. காலையில் அத்தனை பேர் முன்னால் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "கூட்ட நாள்ல கடையை மூடிட்டு எனக்காக எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க? அங்கே அந்த அக்காகிட்ட நல்ல சமயத்துல ஒரு சாக்கு வேற கண்டுபிடிச்சுச் சொன்னீங்களே" என்றேன்.

அவர் புரியாதவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"சாக்கு இல்ல மேடம். மெய்யாலுமே அப்டித்தான். ஒரிஜினலு ஒங்க கைக்கு வரல. என் வேலை முடியல. அத முடிக்காத எப்டி அடுத்தாளுக்கு ஜெராக்ஸ் போட முடியும்?"

சொல்லிவிட்டு, கூட்டம் காத்திருக்கும் என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது வேடந்தாங்கல் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். என் மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் அந்தக் குங்குமக் கறை இன்னும் இருக்கிறது. கணக்கு மார்க்கைப் பற்றி வீட்டுக்காரர் வாரத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறார். செங்கல்பட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கடையில்தான் ஜெராக்ஸ் எடுக்கிறேன். ஆமாம், ஜெராக்ஸ்தான். சுவரில் அதே அட்டை தொங்குகிறது. அந்தச் சொல்லுக்கு நல்ல தமிழ் என்ன என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் என்னால் நாலு சொல் சொல்ல முடியும். ஆனால் வாங்கிய பொருளைத் திருப்பி உரியவர் கையில் வைக்கிற வரைக்கும் வேலை முடியவில்லை என்று நினைக்கிற அந்த மனுஷருக்கு, நான் படித்த தமிழில் என்ன பெயர் என்றுதான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.